பிரதாப சிங் (தஞ்சாவூர் மராத்திய அரசர்)

பிரதாப சிங் போன்ஸ்லே (இறப்பு: டிசம்பர் 1763) தஞ்சாவூர் மராத்திய அரசின் மன்னர்களுள் ஒருவர் ஆவார். இவர் 1739 முதல் 1763 வரை தஞ்சாவூரை ஆட்சி செய்தார். தஞ்சை மராத்திய மன்னர் துக்கோஜியின் மகனும், இரண்டாம் துளஜா, அமர்சிங் ஆகியோரின் தந்தையும் ஆவார். மூன்றாண்டுக் கால வாரிசுரிமைக் குழப்பத்திற்குப் பின் அரியணை ஏறிய இவர், இருபத்து நான்கு ஆண்டுகள் ஆட்சியில் நீடித்தார்.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசம் நிலைபெற்றது இவரது காலத்திலேயே ஆகும். இவருக்கு முந்தைய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக் கும்பினி பெற்ற உரிமையை இவர் ஏற்றுக்கொண்டதுடன், 1740, 1749 ஆகிய ஆண்டுகளில் மேலும் பல ஊர்களை அளித்தார். காவிரிக் கழிமுகக் கரையில் காரைக்கால் தனி நிலப்பகுதியாக இன்றும் நீடிப்பதற்கான வரலாற்றுக் காரணம் இந்த உடன்படிக்கைகளில் உள்ளது.

பின்னணி

தஞ்சாவூரில் நாயக்கர் ஆட்சி முடிவுற்ற பின்னர், சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய் மகனான வெங்கோஜி என்னும் ஏகோஜி, பீஜப்பூர் சுல்தானின் படைத்தலைவராக வந்து தஞ்சையைக் கைப்பற்றி மராத்திய அரசைத் தோற்றுவித்தார். ஏகோஜிக்குப் பின் அவருடைய மூன்று மைந்தர்களான முதலாம் சாகஜி (1684–1712), முதலாம் சரபோஜி (1712–1728), துக்கோஜி (1728–1736) ஆகியோர் ஒருவர்பின் ஒருவராக ஆண்டனர். துக்கோஜி முதலாம் துளஜா எனவும் அழைக்கப்படுகிறார்.

தஞ்சை அரசு பரப்பளவில் சிறியது. ஆயினும் காவிரிப் பாசனத்தால் நெல் விளைச்சல் மிகுந்த நாடாதலால் அதன் வருவாய் பெரிதாக இருந்தது. இதனால் சுற்றியிருந்த அரசுகள் அனைத்தும் தஞ்சையின் மீது கண் வைத்திருந்தன. ஆற்காட்டு நவாபு மொகலாயப் பேரரசின் பெயரால் கப்பம் கோரினார். கடற்கரையில் டேனியர்கள் 1620 முதல் தரங்கம்பாடியிலும், ஒல்லாந்தர்கள் 1658 முதல் நாகப்பட்டினத்திலும் இருந்தனர். பிரதாப சிங்கின் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலிலும், ஆங்கிலேயர்கள் தேவிக்கோட்டையிலும் இடம் பெற்றனர். இவ்வாறு ஒரு சிறிய அரசின் கடற்கரையில் நான்கு ஐரோப்பியக் கும்பினிகள் அடுத்தடுத்து அமைந்திருந்தன.

வாரிசுரிமைக் குழப்பம் (1736–1739)

1736 ஆம் ஆண்டில் துக்கோஜி இறந்தபின், அவருடைய மகன் பாவா சாகிப் என்னும் இரண்டாம் ஏகோஜி அரசரானார். அவர் ஓராண்டிற்குள் இறந்துவிட்டார். அவருக்கு ஆண் வாரிசு இல்லாமையால் அவருடைய மனைவி சுஜான் பாய் 1737 முதல் 1738 வரை ஆட்சியை நடத்தினார்.

இக்காலத்தில் அரியணைக்குப் பலர் உரிமை கோரினர். முதலாம் சரபோஜியின் மகன் எனக் கூறப்பட்ட காட்டுராஜா என்பவரைக் கோயாஜி காட்டிகே என்பவர் முன்னிறுத்தினார். துக்கோஜியின் மற்றொரு மகனான சாயாஜி (சாகுஜி எனவும் அழைக்கப்படுகிறார்) அரியணையை அடைந்தும் அதை நிலையாகக் காக்க இயலவில்லை. அக்காலத்து ஐரோப்பிய ஆவணங்களில் இப்பெயர்கள் ஒன்றுக்கு ஒன்று மாற்றி எழுதப்பட்டிருப்பதால் படிப்பவர்கள் கவனமாக இருத்தல் வேண்டும்.

இக்குழப்பத்தில் உண்மையான அதிகாரம் அரண்மனை அதிகாரிகளிடமே இருந்தது. அவர்களுள் முதன்மையானவர் தஞ்சைக் கோட்டையின் தலைவராக இருந்த சையது என்பவர். அவரது ஆதரவு யாருக்கு இருந்ததோ அவரே அரசராக முடிந்தது. 1739 ஆம் ஆண்டில் சாயாஜி நீக்கப்பட்டுப் பிரதாப சிங் அரியணையில் அமர்த்தப்பட்டார். எனினும் புதிய அரசர் அதிகாரிகளின் கைப்பாவையாக இருக்கவில்லை. தன்னை அரியணை ஏற்றிய சையது தன்னை இறக்கவும் வல்லவர் என்பதை உணர்ந்த பிரதாப சிங், பின்னர் அவரைக் கொல்லச் செய்தார். அதன் பின்னர் அவர் இறக்கும் வரை அரண்மனைக்குள்ளிருந்து அவரது அரியணை பறிபோகவில்லை.

பிறப்பும் உரிமை வழக்கும்

பிரதாப சிங் துக்கோஜிக்கு அன்னபூர்ணா என்பவர் வழியாகப் பிறந்தவர். அன்னபூர்ணா, அரசரின் வாளுக்கு மணமுடித்து வைக்கப்படும் வாள் மணம் என்னும் முறையில் அரண்மனைக்கு வந்தவர். இம்முறையில் மணந்த மனைவியர் பட்டத்தரசியருக்கு அடுத்த நிலையில் வைக்கப்பட்டனர். அவர்களது மக்களுக்கு அரியணை உரிமை உண்டா என்பது தஞ்சை மராத்தியர் வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்த கேள்வியாகும்.

இக்கேள்வி தஞ்சைக்கு மட்டும் உரியதன்று. அதே காலத்தில் செருமானிய நாடுகளிலும் இதனை ஒத்த சிக்கல் இருந்தது. புனித உரோமைப் பேரரசினுள் அடங்கிய நூற்றுக்கணக்கான சிற்றரசுகளில், அரசகுலம் அல்லாத பெண்ணை மணந்த இளவரசரின் மக்கள் பட்டத்திற்கு உரியவராகக் கொள்ளப்படவில்லை. அன்ஹால்ட்-டெஸ்ஸாவ் சிற்றரசர் லியோபோல்டு 1698 இல் மருந்து வணிகர் ஒருவரின் மகளை மணந்தார். 1701 இல் பேரரசர் அப்பெண்ணின் தகுதியை உயர்த்தி ஆணையிட்ட பின்னரே அவர்களது மக்கள் வாரிசுகளாக ஏற்கப்பட்டனர். தஞ்சையில் அத்தகைய ஆணையிடும் மேலதிகாரம் எதுவும் நடைமுறையில் இல்லை. ஆகவே அரண்மனை அதிகாரிகளின் ஒப்புதலும், அண்டை அரசுகளும் கும்பினிகளும் அளித்த ஏற்பும் அரசரின் உரிமையை உறுதி செய்தன. இதன் காரணமாகவே, நீக்கப்பட்ட சாயாஜியும் அவரைச் சேர்ந்தவர்களும் அடுத்த இருபது ஆண்டுகளில் தஞ்சைக்கு எதிரான சில படையெடுப்புகளில் கருவியாகப் பயன்படுத்தப்பட்டனர்.

காரைக்கால் உடன்படிக்கைகள்

1738 ஆம் ஆண்டில் அரியணையை இழந்து நின்ற சாகுஜி, புதுச்சேரியில் ஆளுநராக இருந்த துய்மாவின் உதவியை நாடினார். 1735 முதல் 1741 வரை பதவி வகித்த துய்மா, தஞ்சைக் கடற்கரையில் பிரெஞ்சுக் கும்பினிக்கு ஓர் இடம் பெற விரும்பினார். பணமும் கருவிகளும் அளிப்பதற்கு ஈடாகக் காரைக்கால் நகரம், கருக்களாச்சேரிக் கோட்டை, சில ஊர்கள் ஆகியவற்றைத் தர சாகுஜி உடன்பட்டார். இதற்காகப் பேசப்பட்ட தொகை 50,000 சக்கரம் ஆகும். சக்கரம் என்பது தஞ்சையில் வழங்கிய பொற்காசு.

அரியணை மீண்டும் கிடைத்தபின் சாகுஜி தன் வாக்கை நிறைவேற்றத் தயங்கினார். பிரெஞ்சுக்காரர் அண்டையில் வருவதை நாகப்பட்டினத்து ஒல்லாந்தர் விரும்பாததும் இதற்கு ஒரு காரணம். அப்பொழுது திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றியிருந்த சந்தா சாகிப், தஞ்சையுடன் பகை கொண்டிருந்தமையால் பிரெஞ்சுக்காரருக்கு உதவ முன்வந்தார். அவருடைய பணியில் இருந்த பிரான்சிஸ்கோ பெரைரா என்னும் ஸ்பானியர் படையுடன் சென்று காரைக்காலைக் கைப்பற்ற, 1739 பிப்ரவரி 14 அன்று அது பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அப்பொழுது காரைக்காலுடன் கீழையூர், மேலையூர், புதுத்துறை, கோவில்பத்து, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஐந்து ஊர்கள் அவர்களுக்குக் கிடைத்தன.

அதே ஆண்டில் அரசரான பிரதாப சிங் இதனை எதிர்த்துப் போரிடவில்லை. அவருக்கு அப்பொழுது பணம் தேவைப்பட்டது. சந்தா சாகிப்பின் அச்சுறுத்தலும் தொடர்ந்தது. அவர் பிரெஞ்சுக்காரரிடம் 1,00,000 சக்கரம் கடன் கோரி, முதல் தவணையாக 40,000 சக்கரம் பெற்றார். பின்னர் 1740 பிப்ரவரியில் மேலும் எட்டு ஊர்களை 60,000 சக்கரத்திற்கு விற்றார். நிரவி, வாஞ்சூர், தருமபுரம், ஊழியபத்து, போலகம் ஆகியவை அவற்றுள் அடங்கும். இவை தவிர மாயவரம் பகுதி நிலங்களின் வருவாய் இரண்டாண்டுகளுக்கு ஈடாக வைக்கப்பட்டது.

இவ்வாறு காரைக்கால் ஒரே நாளில் பெறப்பட்ட நிலப்பகுதி அன்று. கீழே உள்ள வரிசை அதன் வளர்ச்சியைக் காட்டும்.

* 1739: காரைக்கால், கருக்களாச்சேரிக் கோட்டை, ஐந்து ஊர்கள். அளித்தவர்: சாகுஜி.
* 1740: எட்டு ஊர்கள், விற்பனையாக. அளித்தவர்: பிரதாப சிங்.
* 1749: 81 ஊர்கள், முற்றுகையின் முடிவில். ஆண்டுதோறும் செலுத்தப்பட வேண்டிய 2,000 வராகன் வாடகையும் நீக்கப்பட்டது. அளித்தவர்: பிரதாப சிங்.

மராத்தியப் படையெடுப்பும் திருச்சிராப்பள்ளியும் (1740–1743)

சந்தா சாகிப்பின் வளர்ச்சியைத் தனித்து நின்று தடுக்கத் தஞ்சையால் இயலவில்லை. சதாராவிலிருந்த மராத்திய அரசுக்கும் தஞ்சை அரச குடும்பத்திற்கும் இருந்த குலத் தொடர்பு இங்குப் பயன்பட்டது. 1740 இல் ரகூஜி போன்ஸ்லே, பதேசிங் போன்ஸ்லே ஆகியோரின் தலைமையில் பெரும் மராத்தியப் படை கர்நாடகப் பகுதியினுள் நுழைந்தது. அவ்வாண்டு மே மாதம் தாமல்செருவுக் கணவாயில் நடந்த போரில் ஆற்காட்டு நவாபு தோஸ்து அலி கொல்லப்பட்டார். 1741 மார்ச்சில் திருச்சிராப்பள்ளி வீழ்ந்தது. சந்தா சாகிப் சிறைப்பிடிக்கப்பட்டு மராத்திய நாட்டிற்குக் கொண்டு செல்லப்பட்டார். முராரி ராவ் திருச்சிராப்பள்ளியின் பொறுப்பை ஏற்றார். 1743 இல் ஐதராபாத் நிசாம் அந்நகரை மீட்கும் வரை மராத்தியரே அங்கு இருந்தனர்.

இந்நிகழ்வுகளால் பிரதாப சிங்கிற்குச் சில ஆண்டுகள் ஓய்வு கிடைத்தது. ஆயினும் புதிய நவாபாக நியமிக்கப்பட்ட அன்வருதீன் காலத்தில் கப்பக் கோரிக்கை மீண்டும் எழுந்தது.

ஆங்கிலேயரும் தேவிக்கோட்டையும் (1749)

நீக்கப்பட்ட சாயாஜி 1749 இல் கடலூர் புனித டேவிட் கோட்டையில் இருந்த ஆங்கிலேயரிடம் உதவி கேட்டார். தன்னை அரியணையில் அமர்த்தினால் கொள்ளிடத்தின் முகத்துவாரத்தில் உள்ள தேவிக்கோட்டையைத் தருவதாகவும், போர்ச் செலவை ஏற்பதாகவும் கூறினார். அதற்கு முன்பு ஆங்கிலேயர் பல ஆண்டுகள் பிரதாப சிங்கையே தஞ்சை அரசராக ஏற்றுக் கடிதத் தொடர்பு வைத்திருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

அவ்வாண்டு ஏப்ரலில் கேப்டன் கோப் தலைமையில் சென்ற படை தோல்வியுற்றுத் திரும்பியது. சாயாஜியை வரவேற்க நாட்டில் எவரும் முன்வரவில்லை. இரண்டாம் முறை மேஜர் லாரன்ஸ் தலைமையில் கடல்வழியாகச் சென்ற படை தேவிக்கோட்டையைக் கைப்பற்றியது. இப்படையில் இளம் அதிகாரியாக இராபர்ட் கிளைவ் பங்கேற்றார். அதன்பின் பிரதாப சிங் அமைதி உடன்படிக்கை செய்துகொண்டார். தேவிக்கோட்டையையும், ஆண்டுக்கு 9,000 வராகன் வருவாய் உள்ள நிலத்தையும் ஆங்கிலேயருக்கு அளித்தார். சாயாஜிக்கு ஆண்டுதோறும் 4,000 ரூபாய் உதவித்தொகை தரவும், அவர் மீண்டும் தொல்லை தராதவாறு ஆங்கிலேயர் பார்த்துக்கொள்ளவும் உடன்பாடு ஏற்பட்டது. உரிமை வழங்குவதாகக் கூறிப் புறப்பட்ட ஆங்கிலேயர், தமக்கு வேண்டிய துறைமுகம் கிடைத்தவுடன் உரிமை கோரியவரைக் கைவிட்டனர்.

சந்தா சாகிப்பின் முற்றுகை (1749–1750)

சிறையிலிருந்து விடுதலை பெற்ற சந்தா சாகிப், முசாபர் ஜங்குடனும் பிரெஞ்சுப் படையுடனும் சேர்ந்து 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் அன்வருதீனைத் தோற்கடித்தார். அன்வருதீன் அப்போரில் இறந்தார். அவருடைய மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்குத் தப்பிச் சென்றார். சந்தா சாகிப் நேராகத் திருச்சிராப்பள்ளி செல்லாமல், பணம் திரட்டும் பொருட்டுத் தஞ்சையை முற்றுகையிட்டார்.

பிரதாப சிங் பேச்சுவார்த்தை நடத்திக் காலத்தைக் கடத்தினார். இறுதியில் 70 இலட்சம் ரூபாய் தருவதாகவும், பிரெஞ்சுக்காரருக்குக் காரைக்காலைச் சுற்றியுள்ள 81 ஊர்களை அளிப்பதாகவும் உடன்பட்டார். ஆனால் தொகையை உடனே செலுத்தவில்லை. வெள்ளிப் பாத்திரங்களாகவும், பழைய காசுகளாகவும் சிறிது சிறிதாகக் கொடுத்து ஒவ்வொன்றையும் மதிப்பிட நாட்களைச் செலவிடச் செய்தார். அதற்குள் நிசாம் நாசிர் ஜங் பெரும் படையுடன் வருவதாகச் செய்தி கிடைத்ததால் முற்றுகை கைவிடப்பட்டது. தொகையின் பெரும்பகுதி கொடுபடவில்லை. ஆயினும் 56 இலட்சம் ரூபாய்க்கான கடன் பத்திரம் பின்னர் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1758 இல் நிகழ்ந்த அடுத்த முற்றுகைக்கு அதுவே காரணமாயிற்று.

இக்கால நிகழ்வுகளைப் பற்றிய செய்திகள் புதுச்சேரியில் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலும் காணப்படுகின்றன.

கர்நாடகப் போரில் தஞ்சை (1751–1754)

முகமது அலிக்கும் சந்தா சாகிப்பிற்கும் நடந்த போட்டியில் பிரதாப சிங் முதலில் வெளிப்படையாக எப்பக்கமும் சேரவில்லை. 1751 இல் கிளைவ் ஆற்காட்டைக் கைப்பற்றிக் காத்த பின்னரே, வெல்லக்கூடிய அணி எது என்பது தெளிவாயிற்று. 1752 தொடக்கத்தில் தஞ்சைப் படைத்தலைவர் மானோஜியின் தலைமையில் 3,000 குதிரை வீரர்களும் 2,000 காலாட்களும் திருச்சிராப்பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். 1752 ஜூனில் திருவரங்கத்தில் சூழப்பட்ட சந்தா சாகிப், மானோஜியிடம் சரணடைந்தார். அங்கு அவர் கொல்லப்பட்டார்.

இதன் பின்னரும் போர் முடியவில்லை. அரண்மனையில் அமைச்சர் சக்கோஜியின் செல்வாக்கு ஓங்கியது. மானோஜி பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1754 மே மாதம் முராரி ராவின் குதிரைப்படை தஞ்சைப் படையைப் பெரிதும் சிதைத்தது. அதே காலத்தில் பிரெஞ்சுப் படையினர் கோவிலடிப் பகுதியில் காவிரியையும் கொள்ளிடத்தையும் பிரிக்கும் கரையை உடைத்தனர். அக்கரை உடைந்தால் காவிரி நீர் கொள்ளிடத்தில் கலந்து கடலுக்குச் சென்றுவிடும். தஞ்சையின் வயல்கள் வறண்டுவிடும். ஆகவே படைபலத்தில் சிறிய ஒரு நாட்டை வெல்வதற்குக் கோட்டையைத் தாக்க வேண்டிய தேவையில்லை என்பதை எதிரிகள் அறிந்திருந்தனர். இத்தோல்விகளுக்குப் பின் மானோஜி மீண்டும் படைத்தலைவராக்கப்பட்டார்.

லாலியின் முற்றுகை (1758)

ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் (1756–1763) தொடங்கியபின் பிரெஞ்சுப் படைத்தலைவராக லாலி இந்தியாவிற்கு அனுப்பப்பட்டார். 1758 ஜூனில் கடலூர் புனித டேவிட் கோட்டையைக் கைப்பற்றிய லாலிக்கு, சென்னையைத் தாக்கப் போதிய பணம் இல்லை. எனவே பிரதாப சிங்கின் பழைய 56 இலட்சம் ரூபாய்ப் பத்திரத்தை வசூலிக்க முடிவு செய்தார். கடலூர்க் கோட்டையில் ஆங்கிலேயரின் காவலில் இருந்த சாயாஜியின் உறவினரான காட்டிகேயையும், அரியணைக்கு உரிமையுள்ளவர் எனக் கூறித் தன்னுடன் அழைத்து வந்தார்.

லாலியின் படை காரைக்கால் வழியாகத் தஞ்சை நாட்டினுள் நுழைந்தது. படையினருக்கு உணவு கிடைக்கவில்லை. நாகூர் கொள்ளையிடப்பட்டது. கீழ்வேளூர்க் கோயில் கைப்பற்றப்பட்டு, அங்கிருந்த அந்தணர்கள் சிலர் ஒற்றர்கள் எனக் குற்றம் சாட்டப்பட்டுப் பீரங்கி வாயில் வைத்துக் கொல்லப்பட்டனர். இச்செயலால் நாட்டு மக்கள் பிரெஞ்சுப் படைக்கு முற்றிலும் பகையாயினர்.

ஜூலையில் தஞ்சை முற்றுகையிடப்பட்டது. பிரதாப சிங் இம்முறையும் பேச்சுவார்த்தையால் காலத்தை நீட்டித்தார். திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆங்கிலேயரின் சிப்பாய்ப் படை உதவிக்கு வந்தது. ஆகஸ்டு 3 அன்று கடலில் நடந்த போரில் பிரெஞ்சுக் கப்பற்படை பின்னடைந்தது. ஆங்கிலேயக் கப்பல்கள் காரைக்காலை அச்சுறுத்துகின்றன என்னும் செய்தி லாலிக்குக் கிடைத்தது. வெடிமருந்தும் உணவும் குறைந்த நிலையில் ஆகஸ்டு 10 அன்று முற்றுகை கைவிடப்பட்டது. பின்வாங்கிய படையை மானோஜியின் படையினர் காரைக்கால் வழி நெடுகத் தாக்கினர். 1760 ஏப்ரலில் காரைக்காலை ஆங்கிலேயர் கைப்பற்றினர்.

1762 ஆம் ஆண்டு உடன்படிக்கை

பிரெஞ்சுக்காரரின் வீழ்ச்சிக்குப் பின், ஆற்காட்டு நவாபு முகமது அலி தஞ்சையின் கப்ப பாக்கியைக் கோரினார். நவாபு ஆங்கிலேயருக்குப் பெருந்தொகை கடன்பட்டிருந்தார். அக்கடனைத் தஞ்சையின் வருவாயைக் கொண்டு அடைப்பதே அவரது நோக்கம். சென்னை ஆங்கிலேய அரசு நடுநிலை வகித்து 1762 அக்டோபரில் ஓர் உடன்படிக்கையை ஏற்படுத்தியது. அதன் முதன்மைக் கூறுகள் வருமாறு:

* கப்ப பாக்கிக்காகப் பிரதாப சிங் 22 இலட்சம் ரூபாயை ஐந்து தவணைகளில் செலுத்த வேண்டும்.
* ஆண்டுதோறும் 4 இலட்சம் ரூபாய் கப்பம் செலுத்த வேண்டும்.
* கோவிலடி, இளங்காடு ஆகிய பகுதிகள் தஞ்சைக்கு விடப்படும்.

இந்த உடன்படிக்கையால் போர் தவிர்க்கப்பட்டது. ஆனால் தஞ்சை அரசர் நவாபுக்குக் கப்பம் செலுத்துபவர் என்பதும், இருவருக்கும் இடையில் தீர்ப்பளிப்பவர் ஆங்கிலேயர் என்பதும் எழுத்தில் பதிவாயின. இதன் விளைவுகளைப் பிரதாப சிங்கின் மைந்தர் காலத்தில் காணலாம்.

குடும்பம்

பிரதாப சிங்கிற்குப் பட்டத்தரசியர் பலரும், வாள் மணத்தால் வந்த மனைவியரும் இருந்தனர். அவருக்குப் பின் அரசாண்ட வழித்தோன்றல்கள் வருமாறு:

* இரண்டாம் துளஜா (ஆட்சி 1763–1773, 1776–1787): பிரதாப சிங்கின் மகன். தந்தைக்குப் பின் அரசரானார். கப்ப பாக்கியைக் காரணம் காட்டி 1771 இல் நவாபும் ஆங்கிலேயரும் தஞ்சையைத் தாக்கினர். 1773 இல் தஞ்சையைக் கைப்பற்றித் துளஜாவைச் சிறையிட்டனர். 1776 இல் சென்னை ஆளுநர் பிகட் அவரை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். இச்செயலால் எழுந்த பகையில் பிகட் தன் சொந்த ஆலோசனைக் குழுவினராலேயே சிறைப்பிடிக்கப்பட்டு 1777 இல் காவலில் இறந்தார்.
* அமர்சிங் (ஆட்சி 1787–1798): வாள் மணத்து மனைவிக்குப் பிறந்த மகன். துளஜா இறந்தபின் அரசரானார். 1798 இல் ஆங்கிலேயரால் நீக்கப்பட்டுத் திருவிடைமருதூரில் உதவித்தொகையுடன் வாழ்ந்தார்.
* இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832): துளஜாவால் 1787 இல் மகன்மை கொள்ளப்பட்டவர். செருமானியரான சுவார்ட்சு பாதிரியார் இவரது பாதுகாவலராக இருந்தார். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவர் என்னும் வகையில் பெரிதும் அறியப்படுகிறார். 1799 உடன்படிக்கையின்படி நாட்டின் ஆட்சி ஆங்கிலேயரிடம் சென்றது.

1739 இல் பிரதாப சிங்கை நோக்கி எழுப்பப்பட்ட பிறப்புரிமைக் கேள்வி, அறுபது ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மகன் அமர்சிங்கை நீக்குவதற்கான வாதங்களிலும் இடம்பெற்றது. முன்னது அரண்மனைக்குள் தீர்க்கப்பட்டது. பின்னதை ஆங்கிலேயர் தீர்த்தனர்.

கலையும் சமயமும்

தொடர்ந்த போர்களுக்கு இடையிலும் தஞ்சை அரண்மனை கலைகளுக்கு ஆதரவளித்தது. தெலுங்குப் பெண்பாற் புலவரான முத்துப்பழனி பிரதாப சிங்கின் அவையைச் சேர்ந்தவர். இவர் இயற்றிய ராதிகா சாந்தவனம் என்னும் காவியத்தை 1910 இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் முழுமையாகப் பதிப்பித்தார். ஆங்கிலேய அரசு அதனைத் தடை செய்தது. பின்னர் அத்தடை நீக்கப்பட்டது. கருநாடக இசையில் புகழ்பெற்ற பைரவி இராக வர்ணமான "விரிபோணி"யை இயற்றிய பச்சிமிரியம் ஆதியப்பய்யரும், மெலட்டூர் வீரபத்ரய்யரும் இக்காலத்துத் தஞ்சை இசைவாணர்கள் ஆவர்.

நாகூர் தர்காவின் ஐந்து மனோராக்களுள் மிக உயரமானதான பெரிய மனோரா பிரதாப சிங்கால் கட்டப்பட்டதாகும். இதன் உயரம் 131 அடி. நீடாமங்கலத்தில் உள்ள யமுனாம்பாள் சத்திரம் இவரது காலத்தைச் சேர்ந்தது. தஞ்சை மராத்தியர் அமைத்த சத்திரங்கள் இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்கு உணவும் தங்குமிடமும் அளித்தன.

இறப்பும் மதிப்பீடும்

பிரதாப சிங் 1763 டிசம்பரில் இறந்தார். அவரைப் பற்றிய மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. உடன்படிக்கைகளை மீறிக் காலம் கடத்தியவர் என்று அக்கால ஆங்கிலேய, பிரெஞ்சு எழுத்துகள் குறை கூறுகின்றன. மறுபுறம், வாக்கு மீறியவர் இவர் மட்டுமல்லர் என்பதைத் தேவிக்கோட்டை நிகழ்வு காட்டுகிறது. இரண்டு பெரும் முற்றுகைகளைத் தாண்டித் தலைநகரை இழக்காமல் ஆண்டவர் இவர். போரில் வெல்ல இயலாத இடத்தில் நிலத்தையும் பணத்தையும் கொடுத்து அரசைக் காத்தார். ஆனால் அவர் கொடுத்த ஒவ்வொரு ஊரும், ஒப்புக்கொண்ட ஒவ்வொரு தொகையும் அடுத்த கோரிக்கைக்கு ஆதாரமாயின. அவர் இறந்து பத்தாண்டுகளுக்குள் தஞ்சைக் கோட்டை நவாபின் கைக்குச் சென்றது.

காரைக்காலின் பிற்கால வரலாறு

பாரிசு உடன்படிக்கைக்குப் பின் காரைக்கால் பிரெஞ்சுக்காரருக்குத் திருப்பித் தரப்பட்டது. அதன் பின்னரும் போர்க்காலங்களில் ஆங்கிலேயர் வசமும் அமைதிக் காலங்களில் பிரெஞ்சுக்காரர் வசமுமாகப் பலமுறை கைமாறி, 1817 இல் இறுதியாகப் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் வந்தது. 1954 நவம்பர் 1 அன்று காரைக்காலின் நிருவாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது. இன்று இது புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு மாவட்டம் ஆகும். 1739 இல் பெற்ற திருமலைராயன்பட்டினமும் 1740 இல் விற்கப்பட்ட நிரவியும் இம்மாவட்டத்தின் கொம்யூன்களின் பெயர்களாக விளங்குகின்றன. தஞ்சை அரசு 1855 இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தவுடன் முற்றிலும் மறைந்தது. ஆனால் அவ்வரசின் மன்னர்கள் பணத்திற்கும் அமைதிக்கும் ஈடாக அளித்த ஊர்களின் எல்லை மறையவில்லை.

இவற்றையும் பார்க்க

* தஞ்சாவூர் மராத்திய அரசு
* காரைக்கால் மாவட்டம்
* சந்தா சாகிப்
* ஆனந்தரங்கப் பிள்ளை
* இரண்டாம் சரபோஜி